அறுவைக்கு முன் ஆறு வாரம் கொடுங்கள்

அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் காலையில் பால் வாங்கக் கிளம்புகிறார். தெருமுனை வரை ஒன்றும் தெரிவதில்லை. அதற்குப் பிறகு இடுப்பில் கனம் ஏறுகிறது. பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை மதமதவென்று மரத்துப்போகிறது. கால் இழுக்கிறது. வழியில் ஒரு கடை வாசல் படியில் உட்கார்ந்து, முழங்காலில் கையூன்றிக் குனிகிறார். இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் விட்டுப்போகிறது. எழுந்து நடந்தால் அதே தூரத்தில் அதே வலி. இதே மனிதர் சைக்கிளில் ஏறினால் சந்தை வரை சிரமமில்லாமல் போய்வருகிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு இது விளங்குவதில்லை. “சைக்கிள் மிதிக்க முடியுது, நடக்க மட்டும் முடியலையா?” என்று கேட்கிறார்கள்.

பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். கீழ் முதுகில் ‘கடுமையான கால்வாய்ச் சுருக்கம், நரம்பு வேர்கள் நெருக்கப்பட்டுள்ளன’ என்று அறிக்கை வருகிறது. மருத்துவர்கள் ‘ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்’ என்கிறார்கள். அன்று இரவே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். “உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா ரெண்டு காலும் விழுந்துடும்” என்பது ஒரு கட்சி. “முதுகுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான்” என்பது இன்னொரு கட்சி. இரண்டும் பயத்தில் பேசுகிற பேச்சு.

இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில், ஆய்வுகளால் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு வழி இருக்கிறது. தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில், ஆளுக்கேற்ப அளவிட்டுத் தரப்படும் இயன்முறை சிகிச்சை. நம் மருத்துவ அமைப்பு இதைச் சிகிச்சையாக மதிப்பதில்லை. அறுவைக்கு நாள் குறிக்கும்வரை நோயாளியைச் சமாதானப்படுத்தி வைக்கும் ஏற்பாடாகவே நடத்துகிறது. வயதானவர்கள் பெருகிக்கொண்டே போகும் தமிழ்நாட்டில் இந்த நிலை தொடரக் கூடாது.

குனிந்தால் ஏன் வலி குறைகிறது?

முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் கால்வாயில்தான் தண்டுவடமும், இடுப்புக்குக் கீழே கால்களுக்குப் போகும் நரம்பு வேர்களும் இருக்கின்றன. வயதாக ஆக, எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீர் வற்றி உயரம் குறைகின்றன. பின்புறத்திலுள்ள சிறு மூட்டுகள் தேய்ந்து தடிக்கின்றன. எலும்புகளைப் பின்புறமாக இணைக்கும் தசைநார் பருமனாகிறது. இரு பக்க வீடுகளும் திண்ணையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கட்டினால் தெரு குறுகிப்போகும் அல்லவா, அதுதான் இங்கும் நடக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்தக் கால்வாய் குறுகலாக இருக்கும்; அவர்களுக்குத் தொல்லை முன்னதாகவே தொடங்கும்.

நடந்தால் கால் மரப்பதற்கும் இந்தச் சுருக்கத்துக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக எழுதி மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர், நெதர்லாந்தைச் சேர்ந்த நரம்பு அறுவை மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட். 1954இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் தொல்லை வருகிறது, உட்கார்ந்தாலோ படுத்தாலோ போய்விடுகிறது என்பதே இந்த நோயின் அடையாளம்.

காரணம் எளிது. நிமிர்ந்து நிற்கும்போது கீழ் முதுகின் உள்வளைவு கூடுகிறது; தடித்த தசைநார் மடிந்து கால்வாய்க்குள் துருத்துகிறது; இடம் குறைகிறது. முன்னால் குனியும்போது அந்தத் தசைநார் இழுபடுகிறது, இடம் கிடைக்கிறது, நரம்புகளுக்கு ரத்த ஓட்டமும் திரும்புகிறது. சைக்கிள் ஓட்டுபவர் ஹேண்டில்பாரைப் பிடித்துச் சற்றே குனிந்திருக்கிறார். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியில் சாய்ந்து நடப்பவரும் அப்படித்தான். அதனால்தான் அவர்களால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது.

இந்த விளக்கத்தில்தான் நம்பிக்கைக்கான இடமும் இருக்கிறது. நரம்பின் மேலுள்ள நெருக்கடி நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை; உடல் இருக்கும் நிலையைப் பொறுத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. எந்தப் பயிற்சியும் வளர்ந்த எலும்பைக் கரைக்காது. கரைப்பேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால், தொடையின் முன்புறத் தசை இறுகிப்போய் இடுப்பை முன்னால் சாய்த்திருந்தால் அதை நீட்டிவிடலாம். வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் வலுவாக இருந்தால் நடக்கும்போது உள்வளைவைக் கட்டுக்குள் வைக்கலாம். வலிக்குப் பயந்து நடப்பதையே விட்டு, அதனால் கால் மெலிந்து, மெலிந்ததால் மேலும் நடக்க முடியாமல் போகும் சுழலை உடைக்கலாம்.

படம் வேறு, நோய் வேறு

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்து நடுங்குபவர்கள் சில உண்மைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1990இல் அமெரிக்காவில் ஸ்காட் போடனும் சக மருத்துவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதுகுவலியோ கால் இழுப்போ இல்லாத 67 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைக் கடந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கால்வாய்ச் சுருக்கம் இருந்தது. அவர்களுக்கோ எந்தத் தொல்லையும் இல்லை.

ஜப்பானின் வாகயாமா பகுதியில் 900க்கு மேற்பட்ட பொதுமக்களை வைத்து நடந்த பெரிய ஆய்வும் இதையே காட்டியது. மிதமான, அல்லது அதற்கு மேற்பட்ட சுருக்கம் பெரும்பான்மையோரின் படத்தில் தெரிந்தது. ‘கடுமையான சுருக்கம்’ என்று வகைப்படுத்தப்பட்டவர்களில்கூடப் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் இல்லை. தலையில் நரை தெரிவது எப்படி நோயில்லையோ அப்படித்தான் படத்தில் தெரியும் இந்த மாற்றங்களில் பலவும். அறிகுறி என்ன, அது வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது, கால் பலம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும். படத்தில் இருக்கும் மில்லிமீட்டர் கணக்கு அதற்குத் துணைச் சான்று மட்டுமே.

‘விட்டுவைத்தால் நாளுக்கு நாள் மோசமாகும்’ என்ற பயத்துக்கும் போதிய ஆதாரம் இல்லை. 1992இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று, அறுவை செய்துகொள்ளாத 32 நோயாளிகளைச் சுமார் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 70 விழுக்காட்டினர் அதே நிலையில் இருந்தார்கள்; 15 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது; 15 விழுக்காட்டினருக்குத்தான் தொல்லை கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், நரம்பு செயலிழக்கும் அறிகுறி இல்லாத ஒருவர் நிதானமாக யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது என்பதை அது உணர்த்துகிறது. இந்த அவகாசத்தைப் பறிப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அறுவையா, பயிற்சியா என்ற கேள்விக்கு நேருக்கு நேர் விடை தேடிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் அந்தோணி டெலிட்டோ தலைமையிலான குழு நடத்தியது. கால்வாய்ச் சுருக்கத்துக்கு அறுவை தேவை என்று மருத்துவர் சொல்லி, அதற்குச் சம்மதமும் தெரிவித்துவிட்ட 169 பேர் இதில் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அறுவை. மீதிப் பேருக்கு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை இயன்முறை சிகிச்சை. இரண்டு ஆண்டு கழித்து நடமாட்டத் திறனை அளந்தபோது இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு தரப்பாரும் நன்றாகவே தேறியிருந்தார்கள்.

இதில் மறைக்கக் கூடாத ஒரு செய்தியும் உண்டு. பயிற்சிக் குழுவில் இருந்தவர்களில் 57 விழுக்காட்டினர் இந்த இரண்டு ஆண்டுக்குள் அறுவைக்கு மாறிக்கொண்டார்கள். பயிற்சி எல்லோருக்கும் போதவில்லை என்பதற்கு இது சான்று. அதே எண்ணிக்கையைத் திருப்பிப் பார்த்தால், கத்திக்குத் தயாராகி வந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் கத்தி இல்லாமலேயே சமாளித்திருக்கிறார்கள். அந்த நான்கு பேர் யார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது; பயிற்சி செய்து பார்த்தால்தான் தெரியும். பங்கேற்றவர்களில் பலர் பயிற்சியை முழுதாக முடிக்காததற்கு, ஒவ்வொரு முறையும் கைக்காசு கட்ட வேண்டியிருந்ததும் ஒரு காரணம் என்று டெலிட்டோ சொன்னார். நம் ஊருக்கும் பொருந்தும் செய்தி இது.

அறுவைக்கு ஆதரவான ஆய்வும் இருக்கிறது. 2008இல் வெளியான ‘ஸ்போர்ட்’ என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், உண்மையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இரண்டு ஆண்டு முடிவில் கூடுதல் நன்மை தெரிந்தது. ஆனால், அறுவை செய்யாத தரப்புக்கு இன்ன பயிற்சி, இத்தனை முறை என்ற ஒரே வரையறை அதில் இல்லை. 2016இல் கிடைத்த சான்றுகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் மதிப்பீடு, இரண்டில் எது சிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. கூடவே, அறுவை செய்துகொண்டவர்களில் 10 முதல் 24 விழுக்காட்டினருக்குப் பக்கவிளைவுகள் பதிவாகியிருப்பதையும், மற்ற சிகிச்சைகளில் அப்படி எதுவும் பதிவாகவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. எது சிறந்தது என்று உறுதியாகத் தெரியாதபோது, ஆபத்து குறைந்ததை முதலில் முயல்வதுதானே அறிவு?

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியை நம்பியிருப்பவர்களும் இருக்கிறார்கள். 400 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டவர்களுக்கும், மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டவர்களுக்கும் ஆறு வாரத்தில் பெரிய வித்தியாசமில்லை.

அறுவையிலும் எளியது, சிக்கலானது என்று உண்டு. நரம்பை நெருக்கும் எலும்பையும் தசைநாரையும் மட்டும் அகற்றி இடம் உண்டாக்குவது ஒரு வகை. திருகும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒன்றாக இணைப்பது இன்னொரு வகை. 247 பேரிடம் நடந்த ஸ்வீடன் ஆய்வு 2016இல் வெளிவந்தது. இணைப்பு அறுவையையும் சேர்த்துச் செய்ததால் கூடுதல் பலன் ஏதும் இல்லை என்று அது கண்டது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் தரவுகளை ரிச்சர்ட் டேயோ குழு ஆராய்ந்தபோது, 2002 முதல் 2007 வரை சிக்கலான இணைப்பு அறுவைகள் 15 மடங்கு பெருகியிருந்தன. உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் எளிய அறுவையில் 2.3 விழுக்காடு, சிக்கலான இணைப்பில் 5.6 விழுக்காடு. அந்த ஐந்து ஆண்டில் அமெரிக்க முதியவர்களின் முதுகெலும்பு 15 மடங்கு மோசமாகிவிடவில்லை. தொழில்நுட்பமும் அதற்குக் கிடைக்கும் பணமும்தான் மாறின. தனியார் மருத்துவம் கொடிகட்டிப் பறக்கும் நம் நகரங்களும் இந்த எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

‘கரண்ட்’ வைப்பது மட்டும் சிகிச்சையல்ல

“பிசியோதெரபியெல்லாம் பத்து நாள் பார்த்தாச்சு, ஒண்ணும் கேட்கலை” என்று சொல்பவர்களிடம் என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். “குப்புறப் படுக்க வெச்சு கரண்ட் வெச்சாங்க, ஒத்தடம் கொடுத்தாங்க, பெல்ட் போடச் சொன்னாங்க, ஒரு தாள் கொடுத்தாங்க” என்பார்கள். அந்தத் தாளில் ஏழெட்டுப் பொம்மைப் படங்கள் இருக்கும். அவற்றில் சில, வயிற்றைத் தரையில் வைத்து முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சிகளாக இருக்கும். வட்டு பிதுங்கிய இளைஞருக்கு அது உதவலாம். கால்வாய் சுருங்கிய முதியவருக்கு அதே பயிற்சி நெருக்கத்தைக் கூட்டும். இப்படிப் பத்து நாள் படுத்திருந்துவிட்டு வந்தவர் இயன்முறை சிகிச்சை பெற்றவரே அல்ல.

முறையான சிகிச்சை எப்படித் தொடங்கும்? “எவ்வளவு தூரம் நடந்தா கால் மரத்துப்போகுதும்மா?” என்று கேட்கிறார் சிகிச்சையாளர். “ரேஷன் கடை வரைக்கும் போயிருவேன் கண்ணு. அதுக்கு மேல உக்காந்துதான் எந்திரிக்கோணும்” என்கிறார் அந்த அம்மா. இந்தப் பதில்தான் சிகிச்சையின் தொடக்கப் புள்ளி. அடுத்து அவரை நடக்கவைத்து, மரப்பு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். குதிகாலிலும் கால்விரல் நுனியிலும் நிற்கச் சொல்லி நரம்பின் பலத்தைச் சோதிக்கிறார். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். சர்க்கரை நோய், எலும்பு மெலிவு, முழங்கால் தேய்மானம் பற்றி விசாரிக்கிறார். பழைய எலும்பு முறிவு இருப்பவருக்குக் குனியும் பயிற்சியே ஆபத்தாகலாம் என்பதால் இந்த விசாரணை அவசியம்.

பிறகுதான் பயிற்சி. பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, கீழ் முதுகைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது. ஒரு முழங்காலை, பிறகு இரண்டையும் கையால் கட்டி மார்பை நோக்கி இழுப்பது. நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக முன்னால் குனிந்து கணுக்காலைத் தொடுவது. படுத்தபடியே இடுப்பை உயர்த்திப் பிட்டத் தசையை வலுவாக்குவது. கட்டில் ஓரத்தில் படுத்து ஒரு காலைக் கீழே தொங்கவிட்டுத் தொடையின் முன்புறத்தை நீட்டுவது. சிகிச்சையாளர் தன் கைகளால் இடுப்பு மூட்டையும் முதுகு மூட்டுகளையும் இளக்கிவிடுவதும் இதில் சேரும். அசையா சைக்கிளில் சில நிமிடங்கள் மிதிக்கச் சொல்வதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, நடை. மரப்பு ஓரளவு தெரியும்வரை நடப்பது. தாங்க முடியாமல் போவதற்கு முன்பே உட்கார்ந்து குனிவது. விட்டதும் மறுபடி நடப்பது. மொத்த நடை நேரத்தை வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவது. அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது. இரண்டாவது வாரம் சலிப்பு வரும். மூன்றாவது வாரம், ‘இது வேலைக்கு ஆகாது’ என்று தோன்றும். அப்போது பக்கத்தில் நின்று, “போன வாரத்தைவிட இன்னைக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலா நடந்திருக்கீங்க” என்று நோட்டைக் காட்டிச் சொல்ல ஒருவர் வேண்டும். மேற்பார்வை என்பதன் பொருள் இதுதான்.

மேற்பார்வைக்குப் பலன் உண்டு என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2019இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 86 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். வாரம் இரண்டு முறை சிகிச்சையாளரின் நேரடிப் பார்வையில் பயிற்சி செய்தவர்கள், வீட்டில் தாங்களாகவே செய்தவர்களைவிட ஆறு வாரத்தில் கூடுதல் தூரம் நடந்தார்கள். தொல்லையும் அவர்களுக்கு அதிகம் குறைந்தது. டொரோண்டோவில் நடந்து 2018இல் வெளியான கார்லோ அம்மெண்டோலியாவின் ஆய்வும், ஆறு வார நேரடிப் பயிற்சியின் பலன் ஓராண்டு வரை நீடித்ததைக் காட்டியது. ஆறு வாரத்தில் கற்றதை அதற்குப் பிறகும் வீட்டில் தொடர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல் துலக்குவதைப் போல் அன்றாட வேலையாகிவிட்ட பயிற்சிதான் நிலைக்கும்.

வீடும் தெருவும்

சிகிச்சை அறையில் இருப்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அடுப்படியிலும் தெருவிலும்தான். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த நோய் கூடுதல் கொடுமை. தோசை சுடுவதும் பாத்திரம் துலக்குவதும் நின்றுகொண்டே செய்யும் வேலைகள். மேடைக்குக் கீழே ஒரு சிறிய மணைப்பலகையைப் போட்டு, ஒரு காலை அதன்மேல் மாற்றி மாற்றி வைத்து நின்றால் முதுகின் உள்வளைவு குறையும், வலி தள்ளிப்போகும். காய் நறுக்குவதையும் மாவு பிசைவதையும் உட்கார்ந்து செய்யலாம். தலைக்கு மேலுள்ள பரணிலிருந்து டப்பாவை எட்டி எடுப்பது முதுகைப் பின்னால் வளைக்கும். தினமும் வேண்டிய சாமான்கள் கை உயரத்தில் இருக்கட்டும். தூங்கும்போது பக்கவாட்டில் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்வது, மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொள்வது இதம் தரும். இந்த மாற்றங்களை மருமகளும் மகனும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செய்துதர வேண்டும். ‘அம்மாவுக்கு வயசாயிடுச்சு’ என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது.

கைத்தடி பிடிக்கவோ, சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளவோ பலர் கூச்சப்படுகிறார்கள். சற்றே குனிந்து அதைத் தள்ளிக்கொண்டு போனால் இருமடங்கு தூரம் போக முடியும் என்றால், அதில் வெட்கத்துக்கு என்ன இருக்கிறது? ஆனால், நடைவண்டி தள்ள நடைபாதை வேண்டும். உட்கார்ந்து எழ இருக்கை வேண்டும். பேருந்து நிலையத்திலும் கோயில் வரிசையிலும் ரேஷன் கடை வாசலிலும் மணிக்கணக்கில் நிற்கவைக்கிற ஊரில், இந்த நோயாளிகள் வீட்டோடு முடங்கிப்போகிறார்கள். சாலையோரத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு சிமென்ட் பெஞ்சு போடுவது நகராட்சிக்குச் சிறிய செலவு. நடுவில் ஒரு முறை உட்கார இடமிருந்தால் மருந்துக் கடைக்குத் தானே போய்வரக்கூடியவர்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர்.

கத்தி தேவைப்படும் நேரம்

அறுவையே வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ தானாகக் கசிவது, இரு தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது: இவற்றில் எது வந்தாலும் பயிற்சி, ஒத்தடம் என்று ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நரம்பு நிரந்தரமாகச் செத்துவிட்டால் பிறகு அறுவை செய்தும் பயனில்லை. புற்றுநோய் வந்தவர், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருப்பவர், கீழே விழுந்தவர் ஆகியோரின் முதுகுவலியும் வேறு கணக்கு. கழுத்துப் பகுதியில் சுருக்கம் ஏற்பட்டுத் தண்டுவடமே நசுங்கினால் அதன் போக்கும் வேறு. அங்கே தாமதம் ஆபத்து.

நடந்தால் வரும் கெண்டைக்கால் வலி எல்லாமே முதுகிலிருந்து வருவதுமில்லை. காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்தாலும் நடக்கும்போது வலிக்கும். அந்த வலி சும்மா நின்றாலே போய்விடும், குனிய வேண்டியதில்லை. சைக்கிள் மிதித்தாலும் வரும். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதை முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்த்தும் நடமாட்டம் முடங்கியே இருப்பவருக்கு, நரம்புக்கு இடம் உண்டாக்கும் அறுவை நல்ல வழிதான். அவர் தோற்றுப்போனவர் அல்ல. பயிற்சியால் வலுவான கால்களோடு அறுவை மேசைக்குப் போகிறார்; அதற்குப் பிறகு தேறுவதற்கும் அந்த வலு உதவும்.

யார் பணம் கட்டுவது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, நாட்டின் சராசரியைவிட அதிகம். இந்த விகிதம் அதற்குப் பிறகு கூடிக்கொண்டேதான் வருகிறது. இவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரும் காப்பு. ஆனால், அரசுத் திட்டமானாலும் தனியார் காப்பீடானாலும் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் வரும். முதுகைத் திறந்து அறுவை செய்தால் காப்பீடு கட்டும்; வாரத்துக்கு இரண்டு முறை வந்து பயிற்சி செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் தன் கைக்காசைத்தான் கொடுக்க வேண்டும். ஆட்டோவுக்கும் கட்டணத்துக்கும் சேர்த்து ஒவ்வொரு முறையும் செலவழிக்க முடியாதவர் நான்காவது முறையோடு நின்றுவிடுகிறார். இலவசமாகக் கிடைக்கும் அறுவையும் காசு கொடுத்துப் பெற வேண்டிய பயிற்சியும் எதிரெதிரே நின்றால், ஏழை எதைத் தேர்ந்தெடுப்பார்? அவர் தேர்ந்தெடுப்பதாகச் சொல்வதே தவறு. காப்பீட்டு விதிகள் அவருக்காகத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன.

இதைச் சரிசெய்ய நம்மிடம் அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. படுக்கையில் கிடப்பவரின் வாசலுக்கு ஒரு சிகிச்சையாளர் வருவது என்பது இந்தியாவில் பல மாநிலங்கள் எண்ணிப் பார்க்காத காரியம். ஆனால், ஒரு வட்டாரம் முழுமைக்கும் ஓரிரு சிகிச்சையாளர்கள் என்றால், பக்கவாதம் வந்தவர்களையும் படுத்தவர்களையும் பார்க்கவே அவர்களுக்கு நேரம் போதாது. கால்வாய்ச் சுருக்கத்தோடு தட்டுத் தடுமாறி நடமாடிக்கொண்டிருப்பவர் அவர்கள் கண்ணில் படமாட்டார். அவர் படுக்கையில் விழுவதற்கு முன்பே போய்ச் சேர்வதுதான் சிக்கனமும் மனிதத்தன்மையும்.

எனவே, மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வாரம், 12 முறை என்ற அளவில் புறநோயாளி இயன்முறை சிகிச்சையைத் தனித் தொகுப்பாகச் சேர்க்க வேண்டும். அவசர அறிகுறி இல்லாத கால்வாய்ச் சுருக்கத்துக்கு அறுவை அனுமதி கேட்கும்போது, இந்தச் சிகிச்சை முறையாக அளிக்கப்பட்டதா என்ற பதிவையும் கேட்க வேண்டும். பயிற்சி எட்டாத ஊரில் இருப்பவரை அலைக்கழிக்க இந்த விதி கருவியாகிவிடக் கூடாது. அதற்காகத்தான் இரண்டாவது காரியம்: ஆரம்ப சுகாதார நிலையங்கள்தோறும் ஓர் இயன்முறை சிகிச்சையாளரும் ஒரு பயிற்சிக் கூடமும் வேண்டும். பாய், நாற்காலி, ஓர் அசையா சைக்கிள், நடக்க இடம். இதற்குமேல் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் படித்து முடித்து வெளியே வரும் இளம் சிகிச்சையாளர்களில் எத்தனையோ பேர் சொற்பச் சம்பளத்தில் வேலை பார்க்கிறார்கள், அல்லது வேறு தொழிலுக்குப் போகிறார்கள். முதியவர்களுக்கு அவர்கள் தேவை. அவர்களுக்கு வேலை தேவை.

மூன்றாவது, தரம். இயன்முறை சிகிச்சை உள்ளிட்ட துறைகளுக்காக நாடாளுமன்றம் 2021இல் தேசிய ஆணையச் சட்டம் இயற்றியது. தகுதியுள்ளவர்களின் பதிவேட்டை மாநில மன்றங்கள் பராமரிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பதிவேட்டைப் பொதுமக்கள் எளிதில் பார்க்க முடிய வேண்டும். முதுகை முறித்து நெட்டி எடுப்பவரையும் பட்டம் பெற்ற சிகிச்சையாளரையும் பிரித்தறிய மக்களுக்கு வேறு வழியில்லை. துறைக்குள்ளும் ஒரு மாற்றம் வேண்டும்: ‘கரண்ட்’ கருவிக்கு எதிரே நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போகும் பழக்கத்தைச் சிகிச்சையாளர்களே கைவிட வேண்டும். மருத்துவர்களும் ‘பிசியோ பத்து நாள்’ என்று சீட்டில் எழுதுவதை விட்டு, என்ன பயிற்சி, எந்த இலக்கு, எப்போது மறுபரிசோதனை என்று எழுத வேண்டும். மாத்திரைக்கு அளவு எழுதுகிறோம். பயிற்சிக்கும் எழுத வேண்டும்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவசர அறிகுறி எதுவும் இல்லாத நிலையில் அறுவைக்குத் தேதி சொன்னால், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: “ஐயா, ஆறு வாரம் நல்ல பயிற்சி செய்து பார்த்துவிட்டு வரலாமா? அதனால் எனக்கு என்ன நஷ்டம்?” நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை வரவேற்பார், காத்திருப்பதில் ஆபத்து இருந்தால் அதையும் விளக்கிச் சொல்வார். உங்கள் முதுகு, உங்கள் நடை, உங்கள் முடிவு.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். காப்பீட்டு ஒப்பந்தம் அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது, லட்ச ரூபாய் அறுவைத் தொகுப்புகளின் பட்டியலில் இந்த 12 முறை பயிற்சிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த ஒரு வரியால் எல்லா அறுவைகளும் நின்றுவிடாது. தேவையில்லாதவை குறையும், தேவையானவை உரியவருக்கு உரிய நேரத்தில் நடக்கும். தமிழ்நாட்டின் முதியவர்கள் தம் தேவைக்குத் தாமே நடந்து போய்வரும் ஆண்டுகள் கூடும். பொது சுகாதாரத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று பெருமைப்படும் மாநிலத்தால் இதைச் செய்ய முடியும், செய்தாக வேண்டும்.